வேலையைப் பறித்துவிட்டுத் தகுதி கேட்கிறார்கள்

மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கென்று அவ்வப்போது ஒரு கூட்டம் நடக்கும். பதவி உயர்வுக்கு எப்படித் தயாராவது என்று மூத்த பேராசிரியர் ஒருவர் வகுப்பெடுப்பார். பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஃபைல் போடுங்கள், எடுத்த வகுப்புகளைக் குறித்து வையுங்கள், ஆய்வுக் கட்டுரை எழுதுங்கள், நல்ல வழிகாட்டி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கல்லூரிக் குழுக்களில் இடம்பெறுங்கள், காலம் வரும்போது உயர்வு தானாக வரும் என்பார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டு கலைவார்கள்.

அந்த அறிவுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. வகுப்பை யாருக்கு ஒதுக்குவது, ஆய்வில் யாரைச் சேர்ப்பது, கட்டுரையில் யார் பெயரை முதலில் போடுவது, குழுவில் யாரை நியமிப்பது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? அதைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு வார்த்தையும் வராது. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

எங்களோடு நெடுநேரம் பேசிய ஓர் அக்காவின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறோம். பெயரும் ஊரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோரின் மகள். அந்தச் சேரியின் முதல் மருத்துவர். பொது அறுவைசிகிச்சையில் முதுநிலை முடித்து ஒரு மருத்துவக் கல்வி நிறுவனத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கேஷுவால்டி இரவுப் பணி. புறநோயாளிப் பிரிவு. மருத்துவ முகாம்கள். மாணவியர் விடுதிக் காப்பாளர் பொறுப்பு. ஆய்வுக்குழு வரும்போதெல்லாம் பதிவேடுகளைச் சரிபார்த்து அடுக்கும் வேலை. லேப்ராஸ்கோபி மேசை அவருக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. காரணம் கேட்டபோது துறைத் தலைவர் பாராட்டாகவே சொன்னாராம்: "கேஷுவால்டிய உன்ன மாதிரி யாரும் சமாளிக்க மாட்டாங்கம்மா."

சர்க்கரை நோயால் கால் புண்ணான நோயாளிகளைப் பற்றி அந்தத் துறையில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஆண்டுகளில் 214 நோயாளிகள். கட்டுப் போட்டது, புண்ணை அளந்தது, மாதம் தவறாமல் வரவழைத்துக் குறித்தது எல்லாம் இவர். கட்டுரை வெளியானபோது ஒன்பது பெயர்கள் இருந்தன. இவருடையது ஏழாவது. பதவி உயர்வு நேர்காணல் பத்து நிமிடம் நடந்தது. "ஆராய்ச்சியில் ஆர்வம் குறைவோ?" என்று ஒருவர் கேட்டார். "அந்த 214 பேரோட காலையும் கட்டுனது நான்தான் சார்" என்று சொல்ல வாய் வந்தும் சொல்லாமல் வந்துவிட்டார். முடிவு எழுத்தில் வரவில்லை. இந்த முறை இல்லை என்று வாய்மொழியாகத் தகவல் வந்தது.

ஏழாவது பெயர் என்றால் என்ன பொருள் என்பதை மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் நான்கு ஆண்டுப் பணியும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தால் இணைப் பேராசிரியர் ஆகலாம் என்று இருந்தது. அங்கிருந்து மூன்று ஆண்டுப் பணி, மொத்தம் நான்கு கட்டுரைகள் என்றால் பேராசிரியர். ஆனால் கட்டுரையில் முதல் மூன்று பெயர்களில் ஒன்றாகவோ, தொடர்புக்குரிய ஆசிரியராகவோ இருந்தால்தான் அது கணக்கில் வந்தது. நான்காவது பெயருக்கும் நாற்பதாவது பெயருக்கும் மதிப்பு ஒன்றே. அந்த அக்காவின் இரண்டு ஆண்டு உழைப்பு, விதியின் கண்ணில் பூஜ்ஜியம்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஃபைல் எதைக் காட்டுகிறது? அவருடைய தகுதியையா? அவரை எந்த வேலைக்கு அருகில் விட்டார்கள், எந்த வேலைக்கு அருகில் விடவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அதன் மேலட்டையில் அவர் பெயர் இருக்கலாம். உள்ளே இருப்பது துறைத் தலைவர் போட்ட ட்யூட்டி பட்டியல். அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது என்று விளக்கினார். வெள்ளைக் கோட்டுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. சீழும் ரத்தமும் இரவும் ஒரு சாராருக்கு. கேமராவும் கட்டுரையும் மேடையும் இன்னொரு சாராருக்கு. பிறகு இரண்டு ஃபைல்களையும் ஒரே மேசையில் வைத்து எது கனம் என்று எடை போடுகிறார்கள். அதற்குப் பெயர் மெரிட்.

உயிர் காக்கும் துறை என்ற வாதம்

பதவி உயர்வில் இடஒதுக்கீடு என்று பேசத் தொடங்கியதும் ஒரு குரல் உடனே கிளம்பும். மருத்துவம் உயிர் காக்கும் துறை, இங்கே சலுகைக்கு இடமில்லை, நோயாளியின் உயிரோடு விளையாடாதீர்கள் என்பார்கள்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். குடல் கிழிந்து இரவு இரண்டு மணிக்கு வருகிற நோயாளியை யாரிடம் விட்டுவிட்டு நீங்கள் வீட்டில் உறங்கினீர்கள்? அந்த அக்காவிடம்தானே? இரவு இரண்டு மணிக்கு உயிரை ஒப்படைக்கத் தகுதியாக இருந்தவர், காலை பத்து மணி நேர்காணலில் எப்படித் தகுதியற்றவர் ஆனார்? நோயாளியின் உயிர்மீது அவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் இரவுப் பணியிலிருந்து அல்லவா அவரை விலக்கியிருக்க வேண்டும்?

பணம் கட்ட முடிந்தவர்களுக்கே எட்டும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் பற்றி இந்தக் குரல் பேசியதுண்டா? அப்பா பேராசிரியர், மாமனார் துறைத் தலைவர் என்ற உறவில் கிடைக்கும் ஆய்வு வாய்ப்பைச் சலுகை என்று சொன்னதுண்டா? இல்லை. நம் பிள்ளைகள் மேலே ஏறும்போது மட்டும்தான் நோயாளியின் உயிர் அவர்கள் நினைவுக்கு வருகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தப் பாகுபாட்டுக்குச் சட்டத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரியாமல் களத்தில் நிற்க முடியாது.

1951இல் செண்பகம் துரைராசன் வழக்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையைச் சுற்றி எழுந்தது. வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. மருத்துவக் கல்லூரியின் வாசலை அப்படித்தான் திறந்தோம்.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் கதை வேறு. 1992இல் இந்திரா சஹானி வழக்கில், பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை சொன்னது. அதே தீர்ப்பில், இடஒதுக்கீடு உகந்ததல்ல என்று சில பணியிடங்களை எடுத்துக்காட்டாகப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் அணுசக்தி, விண்வெளி ஆய்வோடு சேர்த்துப் பேராசிரியர் பணியிடமும் இருக்கிறது, மருத்துவத்தின் உயர் சிறப்புத் துறைகளும் இருக்கின்றன. ஒரு தலித் மருத்துவர் இதயநோய்த் துறையிலோ நரம்பியல் துறையிலோ பேராசிரியர் ஆக விரும்பினால், இரண்டு பூட்டுகள் அவருக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள். 2013இல் எய்ம்ஸ் ஆசிரியர் சங்கத்தின் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வும் உயர் சிறப்புப் பணியிடங்கள் குறித்த அந்தக் கருத்திலிருந்து விலக மறுத்தது.

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1995இல் 77ஆவது திருத்தம் வந்து, 16(4அ) என்ற பிரிவின்கீழ் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர வழி செய்தது. 2001இல் 85ஆவது திருத்தம் அதோடு பணிமூப்பையும் பாதுகாத்தது. ஆனால் 2006இல் நாகராஜ் தீர்ப்பு வந்தது. பின்தங்கிய நிலைக்கும் போதிய பிரதிநிதித்துவம் இல்லாததற்கும் புள்ளிவிவரம் காட்டு, நிர்வாகத் திறன் கெடவில்லை என்று காட்டு என்று நிபந்தனைகள் விதித்தது. நாம் பின்தங்கியவர்கள் என்பதற்கே ஆதாரம் கேட்ட அந்த நிபந்தனையை 2018இல் ஜர்னைல் சிங் தீர்ப்பு நீக்கியது. 2019இல் பவித்ரா வழக்கின் இரண்டாவது தீர்ப்பு, திறமையையும் சமூகநீதியையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு என்றது. 2020இல் உத்தராகண்ட் வழக்கில், பதவி உயர்வில் இடஒதுக்கீடு கேட்பது அடிப்படை உரிமையல்ல, தருவதும் தராததும் மாநிலத்தின் விருப்பம் என்று வேறொரு அமர்வு சொல்லிவிட்டது. 2022இல், பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்கான கணக்கை ஒவ்வொரு பணிநிலைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இதற்கு மேல் ரோஸ்டர் கணக்கு. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு என்றால் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். ஆகவே சிறிய பணிநிலைகளுக்கான மத்திய ரோஸ்டரில் ஏழாவது புள்ளிதான் நமக்கு. பழங்குடியினருக்குப் பதினான்காவது. ஒரு துறையில் இரண்டே பேராசிரியர் பணியிடங்கள், துறைதான் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருவருக்குப் பிறகு ஐந்து பேர் மாறினால்தான் ஏழாவது புள்ளி வரும். ஒருவர் பத்தாண்டு இருந்தால்கூட அந்த நாற்காலிக்குக் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு பணியிடம் என்றால் காத்திருந்தும் பயனில்லை. 1998இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் வழக்கில், தனிப் பணியிடத்துக்குச் சுழற்சி முறையில்கூட இடஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மருத்துவக் கல்லூரியில் சிறிய துறைகள் எத்தனை, அவற்றில் பேராசிரியர் பணியிடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தீர்ப்பின் வீச்சு புரியும்.

2019இல் நாடெங்கும் போராடியதால் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கான ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. துறையை அலகாகக் கொள்ளாமல் நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ள வைத்தது அந்தப் போராட்டம். அது நம் வெற்றி. ஆனால் அந்தச் சட்டம் நேரடி நியமனத்துக்கு மட்டும். உள்ளே நுழைந்தவர் ஏறும் ஏணியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தனியார் மருத்துவக் கல்லூரிகளிலோ ஆசிரியர் நியமனத்துக்கே இடஒதுக்கீடு கிடையாது. 69 விழுக்காட்டைப் பெருமையாகச் சொல்லும் நம் மாநிலத்திலும், பதவி உயர்வில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகக் கோரிக்கையாகவே இருக்கிறது.

'தகுதியானவர் கிடைக்கவில்லை'

சட்டம் இடம் கொடுக்கும் இடத்திலும் ஒரு வாக்கியம் குறுக்கே வந்து நிற்கும். தகுதியானவர் கிடைக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை, கணக்குக் காட்ட வேண்டியதில்லை, யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

2007இல் சுக்தேவ் தோரட் தலைமையிலான குழு டெல்லி எய்ம்ஸில் நிலவிய சாதிப் பாகுபாட்டைப் பற்றி அறிக்கை தந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு அதே எய்ம்ஸைப் பற்றி அறிக்கை வைத்தது. மொத்தம் 1,111 ஆசிரியர் பணியிடங்களில் 275 உதவிப் பேராசிரியர் இடங்களும் 92 பேராசிரியர் இடங்களும் காலியாகக் கிடந்தன. தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற வழக்கமான பதிலை ஏற்க முடியாது என்று குழு சொன்னது. அங்கேயே தற்காலிகமாகப் பணியாற்றிய தலித், பழங்குடி மருத்துவர்கள் நிரந்தர நியமனத்தின்போது ஒதுக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. தற்காலிகமாக இருக்கும்வரை தகுதி உண்டு. நிரந்தரம் என்று வந்ததும் தகுதி போய்விடும். இதைச் சொன்னது நாம் அல்ல, நாடாளுமன்றக் குழு.

நாமும் பதில் சொல்ல வேண்டும்

பிறரை மட்டும் குற்றம் சொல்லி இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மை ஆகாது. 2017இல் அனிதாவுக்காகத் தெருவில் நின்றோம். நீட்டுக்கு எதிராக இன்றும் நிற்கிறோம். நிற்கத்தான் வேண்டும். ஆனால் போராடி உள்ளே அனுப்பிய பிள்ளைகளை அதற்குப் பிறகு எத்தனை முறை போய்ப் பார்த்தோம்? டாக்டர் ஆகிவிட்டார், இனி அவருக்கென்ன குறை என்று விட்டுவிட்டோம். 2019இல் மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி இறந்த பிறகுதான் விழித்தோம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதோடு, பிரசவம் பார்க்கவும் அறுவைசிகிச்சை செய்யவும் விடாமல் ஒதுக்கினார்கள் என்று அவருடைய குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. அந்தக் குற்றச்சாட்டை மறுபடி படியுங்கள். வேலைக்கு அருகில் விடவில்லை என்பதுதான் அது. அக்காவின் கதையும் அதுதான்.

பேராசிரியர் பதவி என்பது சம்பளமும் அறை வாசலில் ஒரு பெயர்ப் பலகையும் மட்டுமா? வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காருபவர் அவர். முதுநிலை மாணவருக்கு வழிகாட்டி அவர். ட்யூட்டி பட்டியல் போடுபவர் அவர். கட்டுரையில் பெயர்களை வரிசைப்படுத்துபவர் அவர். அடுத்த தேர்வுக் குழுவில் அமர்பவரும் அவர்தான். அந்த நாற்காலிகள் நமக்கு இல்லாதவரை, எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சேரும் நம் தங்கையின் தலையெழுத்தை வேறு யாரோதான் எழுதுவார்கள். ஆகவே பதவி உயர்வு என்பது சில நடுத்தர வர்க்க தலித்துகளின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: இது சேர்க்கைப் போராட்டத்தின் மறுபாதி.

அப்படியானால் எப்படித் தயாராவது?

ஃபைல் போடுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் ஃபைலோடு இன்னொரு ஃபைலும் போடுங்கள். முதலாவது, நீங்கள் செய்ததைச் சொல்லும். இரண்டாவது, உங்களைச் செய்யவிடாததைச் சொல்லும். எந்தத் தேதியில் எந்தப் பணி ஒதுக்கப்பட்டது, உங்களோடு சேர்ந்தவருக்கு என்ன ஒதுக்கப்பட்டது, எத்தனை அறுவைசிகிச்சை நீங்கள் செய்தீர்கள், எத்தனைக்குக் கொக்கி பிடித்து நின்றீர்கள் என்று குறித்து வையுங்கள். ட்யூட்டி பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். நோயாளியின் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. ஆறு ஆண்டு ட்யூட்டி பட்டியல் வரிசையாக இருந்தால், அதை எந்த நேர்காணல் குழுவும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வில் கை வைப்பதற்கு முன்பே பெயர் வரிசையை எழுத்தில் கேளுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்: "இந்த ஆய்வில் என் பங்கு இது, கட்டுரையில் என் இடம் எது என்று தெரிவிக்கவும்." மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறிமுறையின்படி, தரவு திரட்டுவதில் கணிசமான பங்காற்றியவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் இறுதி ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். தரவை வாங்கிக்கொண்டு, நீ எழுதவில்லையே என்று பெயரைக் கீழே தள்ளுவது அந்த நெறிமுறைக்கே எதிரானது. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மருத்துவ ஆய்வுக்கான அடிப்படைப் பயிற்சி, மருத்துவக் கல்வி முறைக்கான அடிப்படைப் பயிற்சி என்று இரண்டு சான்றிதழ்கள் கேட்பார்கள். முதலாவதைச் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. சேர்ந்த முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். சான்றிதழ் இல்லை என்ற சாக்கை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். 2025இல் ஆசிரியர் தகுதி விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டில் நடப்பில் உள்ள அரசிதழ் அறிவிப்பை நீங்களே படியுங்கள், அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆண்டுதோறும் உங்களைப் பற்றி மேலதிகாரி எழுதும் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாதகமாக ஒன்றும் எழுதவில்லை என்பார்கள். ஏமாறாதீர்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டிய இடத்தில் 'நன்று' என்று எழுதினாலே கதை முடிந்தது. அப்படி ஒரு 'நன்று' தெரிவிக்கப்படாததால் உயர்வை இழந்தவர்தான் தேவ் தத். அவர் தொடுத்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு பதிவையும் பணியாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. 2009 முதல் மத்திய அரசுப் பணிகளில் முழு மதிப்பீட்டையும் காட்ட வேண்டும் என்ற ஆணை இருக்கிறது. மறுப்புத் தெரிவிக்க 15 நாள் அவகாசம். அந்த 15 நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

ரோஸ்டர் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மத்திய அரசு நிறுவனம் என்றால் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். எந்தப் பணிநிலையில் எத்தனை இடம், எத்தனை பேர் பட்டியல் சாதியினர், எந்தப் புள்ளி நிரப்பப்படவில்லை என்று கேளுங்கள். பணியில் இருப்பவர் கேட்டால் பழிவாங்குவார்கள். அதனால் வெளியில் இருக்கும் நாம் கேட்க வேண்டும். சட்டக் கல்லூரித் தோழர்களே, இது உங்களுக்கான வேலை. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று: மத்திய அரசுப் பணிகளில் 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு. தற்காலிகம்தானே என்று சொல்லி மறுத்தால் ஆணையைக் காட்டுங்கள். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு எழுதுங்கள். விசாரணையில் ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல், தனியாக நிற்காதீர்கள். நல்ல வழிகாட்டியைப் பிடித்துக்கொள் என்கிறார்கள். வழிகாட்டிகள் தங்கள் சாதியில்தான் சீடர்களைத் தேடுகிறார்கள் என்றால் நாம் எங்கே போய்ப் பிடிப்பது? நமக்குள் உருவாக்குவோம். ஓய்வுபெற்ற தலித் பேராசிரியர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அவர்களோடு உட்காருங்கள். ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் திருத்துங்கள். மாதிரி நேர்காணல் நடத்துங்கள். புள்ளியியல் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தாருங்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்குக் கிடைப்பதை நாம் சங்கத்தில் கொடுப்போம்.

இயக்கமாக நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு. தகுதியானவர் இல்லை என்று சொல்லும் குழு, ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் எந்தப் பணிநிலையில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். தமிழ்நாடு அரசு 16(4அ) பிரிவைப் பயன்படுத்திச் சட்டம் இயற்றவேண்டும். நான்காவது, இதுவரை யாரும் கேட்காதது: அறுவை மேசை, ஆய்வு, வகுப்பு, இரவுப் பணி ஆகியவற்றை ஒவ்வொரு துறையும் யாருக்கு எவ்வளவு பங்கிட்டது என்ற பதிவேடு வேண்டும். வேலையைப் பங்கிடாமல் தகுதியை அளக்க எவருக்கும் உரிமை இல்லை.

1918இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதைச் சக ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அவருடைய ஃபைலில் குறை ஏதும் இருந்ததா? பானையைச் சுற்றி நின்றவர்கள்தான் குறை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பானை போய், அறுவை மேசையும் கட்டுரையின் முதல் மூன்று பெயர்களும் வந்திருக்கின்றன. சுற்றி நிற்பவர்கள் மாறவில்லை.

அந்த அக்கா மறுபடியும் விண்ணப்பிக்கிறார். இந்த முறை ஆறு ஆண்டு ட்யூட்டி பட்டியலும் அவரோடு நேர்காணலுக்குப் போகிறது. அறைக்கு உள்ளே அவர் தனியாகத்தான் போவார். வாசலில் நாம் இருப்போம்.